பூட்ஸ் கழுவும் நோலீன் எண்டர்பி தீவில் கால் வைத்த கதை

பிளஃப் துறைமுகத்தில் நோலீன் மெக்கேபைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்தவர்களில் அவளிடம் திட்டு வாங்காதவரும் கிடையாது. வாங்கியவர்களின் வரிசையில் முதல் ஆள் நான்தான். பதினாறு கோடைக்காலம் அவளோடு ஒரே கப்பலில் வேலை பார்த்தேன். நான் ரப்பர் படகு ஓட்டுகிறவன், அவள் பூட்ஸ் கழுவுகிறவள். கேட்பதற்கு என் வேலைதான் பெரிதாகத் தெரியும். கப்பலில் ஒரு பகல் இருந்து பார்த்தால் போதும், யாருக்கு யார் பயப்படுகிறார்கள் என்பது விளங்கிவிடும்.

ஆள் என் தோள் உயரம்கூட இல்லை. குரல் மட்டும் துறைமுகத்தின் அக்கரைவரை போகும். சின்ன வயதில் இறைச்சித் தொழிற்சாலையில் ஆட்டுத்தோல் தரம் பிரித்தாள். பிறகு கொட்டகையில் உட்கார்ந்து சிப்பி உடைத்தாள். நடுவில் ஒரு கல்யாணமும் செய்துகொண்டாள். புருஷன் ஆறு வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிப் போனான். “போறப்பவாவது பூட்ஸைத் துடைச்சிட்டுப் போனானா?” என்று சிப்பிக் கொட்டகைப் பெண்கள் கிண்டலாகக் கேட்டார்கள். “நான்தான் துடைச்சு அனுப்பினேன். என் வீட்டு மண்ணு ஒரு பொட்டுகூட அவன்கூடப் போகக்கூடாது” என்றாளாம்.

எங்கள் கப்பலின் பெயர் மோலிமாக். ஒவ்வொரு கோடையிலும் கேமராவும் கையுமாக நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு தெற்கே ஆள் இல்லாத தீவுகளுக்குப் போவோம். அந்தத் தீவுகளை முயலும் எலியும் மாடும் மேய்ந்து நாசமாக்கிவிட்டன, அந்த மிருகங்களை ஒழிக்க எத்தனையோ வருஷம் படாதபாடு பட்டிருக்கிறார்கள். இனி ஒரு புல்விதைகூட வெளியிலிருந்து அங்கே போய்ச் சேரக்கூடாது. அதனால் இறங்குவதற்கு முன்னால் எல்லோருடைய உடுப்பும் பையும் பூட்ஸும் சோதனைக்கு வந்தாக வேண்டும். சோதனை என்றால் நோலீன்.

முதல்நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அவள் தூசி உறிஞ்சும் இயந்திரத்தோடு ஒவ்வொரு சட்டைப்பையிலும் நுழைவாள். வெல்க்ரோ ஒட்டுப்பட்டைகளை விரித்துவைத்து இடுக்கியால் கிளறுவாள். கிடைத்த விதைகளை ஒளிபுகும் டேப்பில் ஒட்டி, ஆளின் பெயரையும் எழுதி, அறிவிப்புப் பலகையில் மாட்டிவிடுவாள். பெரிய பெரிய உத்தியோகம் பார்த்தவர்கள்கூட அந்தப் பலகைப் பக்கம் போகாமல் சுற்றுவழியாகச் சாப்பிடப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அதோடு நின்றால் பரவாயில்லை. மறுநாள், படகுக்கு இறங்கும் ஏணியின் உச்சியில் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. அங்கே ஒரு விதை அகப்பட்டால் அந்த ஆளுக்கு அன்றைக்குத் தீவு கிடையாது. இது அரசாங்கச் சட்டம் இல்லை, நோலீன் சட்டம். தன் கையெழுத்திலேயே எழுதி, மழைக்கு நனையாதபடி உறை போட்டு மாட்டியிருந்தாள். ஒருமுறை ஆயர் ஒருவரின் ஜெபப் புத்தக உறையில் ஒரே ஒரு புல்விதை கிடைத்தது. அவரையும் உட்காரவைத்துவிட்டாள்.

“கடவுள் இதை மன்னிச்சிருப்பாரும்மா” என்றார் அவர்.

“அவர் படகுல ஏறலியே சாமி” என்றாள் இவள்.

இத்தனை அதிகாரம் பண்ணுகிறவள் இருபத்து மூன்று கோடைக்காலத்தில் ஒரு தீவில்கூடக் கால் வைத்ததில்லை. போகும்போது கழுவவும் வரும்போது கழுவவும் அவள் ஏணியடியில் இருந்தாக வேண்டும். “நீயும் ஒருநாள் இறங்கேன், நான் பாத்துக்கறேன்” என்று நான் சொன்னதுண்டு. “நீயா? உன் பூட்ஸையே நான் ரெண்டு தடவை கழுவறேன்” என்பாள்.

அவளுக்குத் தீவு என்றால் சேறுதான். அதை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவாள். “குதிகால்ல கரி மாதிரி மண்ணு ஒட்டியிருக்கே, பலகைப் பாதையை விட்டு ஏன் இறங்கினீங்க?” என்று ஒரு பேராசிரியரை மடக்கியிருக்கிறாள். பென்குயின் எச்சத்தையும் கடற்சிங்கத்தின் எச்சத்தையும் மூக்காலேயே பிரித்துச் சொல்வாள். ஆனால் திரும்பி வருகிற ஒவ்வொருவரிடமும், பூட்ஸைத் தேய்த்துக்கொண்டே, ஒரு கேள்வி கேட்பாள்: “என்ன பாத்தீங்க?” அவர்கள் சொல்லி முடிக்கும்வரை காலை விடமாட்டாள். சுத்தமான பூட்ஸைக்கூட அதற்காகத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு சங்கடப்படும். ஒருநாளும் நான் அதைச் சொன்னதில்லை, சொன்னால் திட்டுவாள்.

போன வருஷத்தோடு மோலிமாக்கை விற்கப்போவதாக முடிவாயிற்று. வாங்கும் கம்பெனி பூட்ஸ் கழுவ இயந்திரம் வைத்திருக்கிறதாம். நோலீனுக்கு அறுபத்தாறு வயது, முழங்கால் இரண்டும் மக்கர். எங்கள் குழுத்தலைவி மெரியானா கடைசிப் பயணத்தில் எல்லோர் முன்னாலும் அறிவித்தாள்: “நாளைக்கு எண்டர்பியில முதல் படகுல முதல் ஆளா நோலீன் இறங்கறா. மறுத்துப் பேச அனுமதி இல்லை.”

நோலீன் மறுத்துப் பேசவில்லை. அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். முகம் சிவந்து, மூக்கைச் சிந்திவிட்டு, “என் முழங்காலைக் கேட்டுச் சொல்றேன்” என்றாள். அன்று மாலைக்குள் தன் பூட்ஸை நான்கு முறை கழுவிவிட்டாள்.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்லிவிட வேண்டும். என் மனைவி ஷோனா அவளுக்காக ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ் பின்னிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். சாதாரணக் கம்பளி இல்லை. ஷோனாவின் அண்ணன் பண்ணையில் வெட்டிய ஆட்டுமயிர், அவளே நூற்றது. “தீவுல இறங்கறப்போ போட்டுக்கச் சொல்லு” என்றாள். நான் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோலீன் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எதையும் இடுக்கி இல்லாமல் தொடாதவள், அன்றைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. ஏணியின் உச்சியில் நாற்பது பேரும் கூடிவிட்டார்கள். நோலீன் வந்து நின்றாள். “என்னை யார் சோதிக்கறது?”

“உன்னை எதுக்கு?” என்றாள் மெரியானா.

“எதுக்கா? அப்போ அந்தச் சாமியாரை எதுக்கு உக்காரவெச்சேன்?”

கூட்டத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. டூனடினில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற லயோனல் கெயர்ன்ஸ். அவருடைய கேமராப் பையில் பதினான்கு விதைகள் எடுத்து நோலீன் பலகையில் மாட்டியிருந்தாள். மனிதர் நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடியைப் பயணத்துக்கும் கொண்டுவந்திருந்தார். அதை இறக்கிவிட்டுக்கொண்டு, சொந்த இடுக்கியோடு, சந்தோஷமாகவே முன்னால் வந்தார்.

சட்டையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். ஒட்டுப்பட்டையைக் கடைவாய்ப்பல்லைத் துழாவுவதுபோல ஓரம் ஓரமாகத் துழாவினார். “சுத்தம். பிரமாதம். இவ்வளவு சுத்தமான ஆளை நான் பார்த்ததே இல்லை” என்றார்.

“சாக்ஸைப் பாக்கலையே” என்றாள் நோலீன். அவளே காலை நீட்டினாள்.

டாக்டர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சாக்ஸின் மடிப்புக்குள் இடுக்கி போனது, நின்றது, திரும்பி வந்தது. அதன் நுனியில் கொக்கி வைத்த ஒரு சின்ன விதை. பிடிபிட் என்போம், ஆட்டுமயிரைக் கண்டால் விடாத ஒட்டுமுள். ஷோனாவின் அண்ணன் பண்ணை வேலியோரம் முழுக்க அதுதான்.

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. “இது… நூல் பிசிறுதான். என் கண்ணு இப்பல்லாம் சரியாத் தெரியறதில்லை.”

“டாக்டர்.”

“நான் ஒண்ணும் பாக்கலைம்மா. நீங்க படகுல ஏறுங்க.”

“நீங்க பாத்தீங்க. நானும் பாத்தேன்.”

“உன் சட்டந்தானே, நீயே மாத்திக்கலாமே!” என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். குற்றவாளிக்கு வாய் அதிகம்.

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த விதையை வாங்கி, டேப்பில் ஒட்டி, ‘நோலீன் மெக்கேப்’ என்று எழுதி, உள்ளே போய்ப் பலகையில் மாட்டிவிட்டு வந்தாள். பிறகு மஞ்சள் கைப்பிடி போட்ட நீளப் பிரஷை எடுத்துக்கொண்டு ஏணியடிக்கு இறங்கினாள். “ம், வரிசையா வாங்க. யாரு முதல்?”

படகை ஓட்டும்போது எனக்கு ஷோனாவின் மேல் கோபம், அவள் அண்ணன் மேல் கோபம், உலகத்து ஆடுகள் அத்தனையின் மேலும் கோபம். எல்லோரையும் கரையில் விட்டேன். மெரியானா அவர்களைத் தீவைச் சுற்றி நடக்க அழைத்துப் போனாள். கணக்கில் ஓர் ஆள் குறைந்தது. பல் டாக்டர் இறங்கவே இல்லை. “அந்தம்மா போகாத தீவுக்கு நான் எந்த மூஞ்சியோட போறது?” என்று கப்பலிலேயே இருந்துவிட்டார்.

நடப்பவர்களுக்குச் சூடாக சூப் கொண்டுபோக மதியம் நான் காலிப் படகோடு கப்பலுக்குத் திரும்பினேன். ஏணியின் அடித்தட்டில் படகைக் கட்ட இடம் இல்லை. இளம் ஆண் கடற்சிங்கம் ஒன்று தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. கழுத்து என் இடுப்பைவிடப் பெரிது. அதற்கு மேல் நான்காவது படியில் நோலீன். அவளுக்கு மேல், ஏணி உச்சியில், பூதக்கண்ணாடியோடு டாக்டர்.

“எவ்வளவு நேரமா?” என்றேன்.

“ஒரு மணி நேரம்!” என்றாள் நோலீன். “தள்ளக்கூடாது, தொடக்கூடாது, தண்ணி தெளிக்கக்கூடாது, கூச்சல் போடக்கூடாது. நீ வேற ஏதாவது வழி சொல்லு.”

“நீ இப்போ கூச்சல்தானே போடறே?”

“இது கூச்சல் இல்லை, என் குரலே இதான்!”

“மேல வலது பக்கம் ரெண்டு பல்லு தேஞ்சிருக்கு” என்றார் மேலிருந்து டாக்டர். “வாயை இன்னும் கொஞ்சம் திறந்தான்னா தெளிவாச் சொல்லிடுவேன்.”

கடற்சிங்கம் எழுந்து ஒரு படி ஏறியது. கடற்சிங்கம் நெருங்கினால் ஓடக்கூடாது, அசையாமல் நிற்க வேண்டும் என்று இருபத்து மூன்று வருஷமாக எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் அவள்தான். அசையாமல் நின்றாள். “இதோ பாரு தம்பி, கால் கழுவாம ஒருத்தரும் இதுக்கு மேல வர முடியாது” என்றாள். அவன் யோசித்தான். பக்கத்தில் கடல்தண்ணீர் நிரப்பிய தொட்டி இருந்தது. முன்துடுப்பு இரண்டையும் அதில் வைத்துக்கொண்டு நின்றான்.

“சொன்னதும் செஞ்ச முதல் ஆளு நீதாண்டா” என்றாள் நோலீன், அசந்துபோய்.

அவள் அசந்த அந்த நொடியில்தான் நடந்தது. அவன் கழுத்தை நீட்டி, அவள் கையிலிருந்த பிரஷை வாயால் கவ்வி இழுத்துக்கொண்டு கடலில் பாய்ந்தான். மஞ்சள் கைப்பிடி அலையில் தெரிந்து தெரிந்து மறைந்தது. நேரே தீவைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான்.

நோலீன் அலறிய அலறலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. “நாப்பது பேர் பூட்ஸோட அழுக்கும் அதுலதான் இருக்கு! ஊர்ப்பட்ட விதை! இவன் கொண்டுபோய் நட்டுடுவான்! எண்டர்பியில புல்வெளி போட்டுடுவான்! படகைக் கொண்டாடா!”

முழங்கால் மக்கர் என்று சொன்னவள் ஒரே தாவலில் என் படகில் இருந்தாள். விரட்டினோம். துரத்துகிறார்கள் என்று தெரிந்ததும் அவனுக்குக் குஷி தாங்கவில்லை. இரண்டு முறை எங்களைச் சுற்றி வந்து பிரஷைக் காட்டிவிட்டுப் போனான். பிறகு கரையேறி, மணலில் பத்தடி தள்ளாடி நடந்து, பிரஷைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான்.

கரையில் மனித வாடையே இல்லை. எல்லோரும் தீவின் அந்தப் பக்கம். அலையடிக்கும் இடத்தில் படகோட்டி படகை விட்டு இறங்கக்கூடாது. நான் நோலீனைப் பார்த்தேன். அவள் தன் பூட்ஸைப் பார்த்தாள்.

“இதைப் போட்டுக்கிட்டு இறங்க முடியாது. காலையிலேருந்து எல்லார் அழுக்கிலேயும் நின்னிருக்கேன்.”

“அப்போ என்ன செய்யறது?”

 பூட்ஸைக் கழற்றினாள். சாக்ஸை உரித்து என் முகத்தில் எறிந்தாள், அது எனக்கு வேண்டியதுதான். ஒட்டுப்பட்டை இருக்கிறது என்று மேல்சட்டையையும் மேல்கால்சட்டையையும் கழற்றினாள். பழைய நீல உள்ளுடையில், முழங்காலில் ஒட்டுத் துணியோடு, அந்தக் குளிர்காற்றில் உட்கார்ந்து, படகிலிருந்த கிருமிநாசினி பாட்டிலை எடுத்து விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். பிறகு எழுந்து முதுகைக் காட்டினாள்.

“பின்னாடி ஏதாவது ஒட்டியிருக்கா பாரு.”

“ஒண்ணும் இல்லை.”

“சரியாப் பாரு.”

“நோலீன், எனக்குப் பொண்டாட்டி இருக்கா.”

“அவ பண்ணின வேலைதானே எல்லாம். பாரு!”

பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவள் படகின் விளிம்பைத் தாண்டிக் காலைத் தண்ணீரில் வைத்தாள். எலும்புவரை குத்தும் குளிர். “ஐயோ!” என்றாள். அடுத்த அடியில் அவள் எண்டர்பி தீவில் இருந்தாள்.

பிரஷை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் மிருகங்களுக்குக் குறிப்பிட்ட தூரத்துக்குள் போகக்கூடாது, அவள்தான் எல்லோருக்கும் அளந்து காட்டுவாள். பிரஷோ அவன் மூக்கடியில் கிடந்தது. அதனால் சட்டப்படி எட்டுத் தப்படி தள்ளி நின்றாள். அவன் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அவன் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

அப்போது கடலிலிருந்து ஒரு மஞ்சள்கண் பென்குயின் ஏறி வந்தது. பென்குயின் வந்தால் வழிவிட்டு அசையாமல் நிற்க வேண்டும். நோலீன் கல்லாக நின்றாள். அது குலுங்கிக் குலுங்கி நடந்து வந்து, இரண்டு கை தூரத்தில் நின்று, தலையைச் சாய்த்து அவள் கால்களையே பார்த்தது. பூட்ஸ் போட்டவர்களை எத்தனையோ பார்த்திருக்கும். வெறுங்கால்காரி அதற்குப் புதிது. பார்த்து முடித்து, மரியாதைக்கு ஒரு எச்சம் பீய்ச்சிவிட்டு, புதருக்குள் போனது. அடுத்தது ஒரு நெட்டைக்காலிக் குருவி. அந்தத் தீவுக் குருவிகளுக்கு மனிதர்களிடம் பயம் கிடையாது. நேரே அவள் கட்டைவிரல் நகத்தைக் கொத்திப் பார்த்தது. அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா என்று நினைத்தேன். முகம் திரும்பியபோது தெரிந்தது, அழுதுகொண்டே சிரித்தாள்.

கடற்சிங்கம் சலித்துப்போய் எழுந்து, கடலுக்குள் இறங்கி, என் படகைத் தாண்டிப் போய்விட்டது. பிரஷ் தனியாகக் கிடந்தது.

“நோலீன்! அவன் போயிட்டான்!” என்று கத்தினேன்.

அவள் காதில் விழவில்லை. மணலிலிருந்து மண் தொடங்கும் இடம்வரை மெதுவாக நடந்து போய், அந்தக் கறுப்புச் சேற்றில் விரல்களை ஊன்றி, மேட்டில் பூத்திருந்த பெரிய பெரிய பூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மறுபடி கூப்பிடவில்லை. மழை பெய்தது. சூப் ஆறிப்போவதைப் பற்றி நினைத்தேன், ஆறட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரஷை எடுத்து, அது கிடந்த இடத்தில் மண்டியிட்டு மணலைச் சல்லடையாகச் சலித்துப் பார்த்து, உதிர்ந்திருந்த ஒரே ஒரு துரும்பைப் பொறுக்கிக்கொண்டு வந்துசேர்ந்தாள். திரும்பும் வழியில் சாக்ஸை மட்டும் என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏணியடியில் டாக்டர் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, புதுத் தண்ணீரும் வேறொரு பிரஷுமாகத் தயாராக நின்றார். “உக்காருங்கம்மா. காலைக் கொடுங்க, நான் தேய்க்கறேன்.”

நோலீன் படியில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டிப் பார்த்தாள். விரல் இடுக்கில் கறுப்புச் சேறு, குதிகாலில் மணல், புறங்காலில் பென்குயின் மரியாதை. தீவிலிருந்து ஒரு துகள்கூட வெளியே வரக்கூடாது, எல்லாவற்றையும் கழுவித்தான் ஆக வேண்டும்.

“கையை எடுங்க டாக்டர்” என்றாள். “இருபத்து மூணு வருஷமா ஊரார் சேத்தைத் தேச்சிருக்கேன். இது என்னுது.”

மஞ்சள் பிரஷைத் தொட்டியில் நனைத்தாள். நனைத்தவள் தேய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது, இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை.

“என்ன பாத்தே, நோலீன்?” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வலது கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தக் குருவியின் அலகு எப்படி இருந்தது, பென்குயினின் கண்ணைச் சுற்றி மஞ்சள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, சேறு காலுக்கு எப்படி இருந்தது என்று ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் நடந்து முடித்துக் கரையில் சூப்புக்காகக் காத்து நிற்கிறார்கள் என்று மெரியானா வானொலியில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் சத்தத்தைக் குறைத்துவைத்தேன். இன்னும் இடது கால் பாக்கி இருந்தது.